சங்கிலி பாதுகாப்பா?

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல இல்லம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீயைக் கண்டும் அவர்களால் ஓட இயலவில்லை. முதலில் 25 என்றிருந்த இறப்புக் கணக்கு பின்னர் 28 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

கட்டிவைப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் 'பாதுகாப்பு' என்பதே. அந்தக் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. அதன் 95-ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 97-ஆம் பிரிவு, தனியறையில் அடைக்கக் கூடாது என்கிறது. உடனே நேரவிருக்கும் தீங்கைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, உடலைக் கட்டுப்படுத்தலாம். அதற்கான காரணத்தையும் கால அளவையும் பதிவு செய்ய வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது; ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டவும் கூடாது. நல்ல சட்டம்தான்.

ஆனால் அதே சட்டத்தின் தொடக்கத்திலுள்ள சொல் விளக்கத்தையும் படிக்க வேண்டும். 'மனநோய்' என்பதில் மனவளர்ச்சிக் குறைவு அடங்காது என்கிறது அது. மருத்துவப்படி இது சரியே. மனநோய் எந்த வயதிலும் வரலாம்; குணமாகவும் கூடும். அறிவுசார் குறைபாடோ வளர்ச்சிப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுதும் உடனிருப்பது. எனினும் விளைவு என்ன? மனநோய் இல்லாமல் அறிவுசார் குறைபாடு மட்டும் உடையவருக்கு இவ்விரு பிரிவுகளின் காவல் நேரடியாகக் கிட்டுவதில்லை. அவருக்கென உள்ள 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், சித்திரவதையிலிருந்தும் இழிவாக நடத்தப்படுவதிலிருந்தும் காக்க வேண்டும் என்று பொதுவாகக் கூறுகிறது. சங்கிலி, தனியறை, பதிவேடு என்று அது பெயர் சொல்லிப் பேசவில்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து.

கல்குளம் பக்கம் எங்கள் ஊரில், நான் சிறுவனாக இருந்தபோது, பேச்சு வராத ஒரு பையனைத் திண்ணைத் தூணில் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அவன் தலையைத் தூணில் மோதிக்கொள்வான். அவனுடைய அம்மா முந்திரி ஆலைக்கு, எங்கள் வழக்கில் அண்டி ஆபீசுக்கு, வேலைக்குப் போயாக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே குளம். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒரு நாள் பையனின் காதில் சீழ் வடிந்தது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்க் காது ஆறியதும் தலையை மோதுவதும் நின்றது. அத்தனை நாளும் அவன் வலியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டிவைத்ததால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

வெப்பமானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணியுமா? கட்டிவைப்பதும் அது போன்றதே. பல்வலி, மலச்சிக்கல், பசி, இரைச்சல், பழகிய ஒழுங்கு மாறுவது, வேண்டியதைக் கேட்கத் தெரியாமை ஆகியவை முரட்டு நடத்தைக்குக் காரணமாகலாம். காரணத்தை அறிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பின் என்ன கிடைத்தது என மூன்று பத்திகளில் சில வாரங்கள் எழுதிவந்தால் ஓர் ஒழுங்கு புலப்படக்கூடும். பிறகு படஅட்டையோ கைச்சைகையோ கற்றுக்கொடுக்கலாம். கட்டிவைத்தாலோ தசைகள் மெலியும், புண் உண்டாகும், அச்சம் வளரும். குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

இது ஏழை நாட்டுச் சிக்கல் மட்டும் அன்று. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான 'விண்டர்போர்ன் வியூ' மருத்துவமனையில் நடந்த கொடுமைகளை 2011-இல் பி.பி.சி. படம்பிடித்துக் காட்டியது. மருத்துவமனை மூடப்பட்டது, மறு ஆண்டு ஊழியர் 11 பேர் தண்டனை பெற்றனர். பணம் இருந்தால் மட்டும் போதாது; வெளியார் பார்வையும் பதிவேடும் வேண்டும்.

ஆகவே 97-ஆம் பிரிவின் விதிகள் அறிவுசார் குறைபாடுடையோர் இல்லங்களுக்கும் பெயர் சொல்லி விரிவாக்கப்பட வேண்டும். அந்த அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேர மையம் ஊர்தோறும் வேண்டும். அது இல்லாமல் கயிற்றை மட்டும் தடை செய்வது நியாயமாகாது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இத்தகைய இல்லங்களுக்குச் செல்லும் மாணவ நண்பர்களே, பழமும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பணிவாக மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கு யாரையாவது கட்டிவைப்பது உண்டா? உண்டென்றால் அதை எழுதிவைக்கிறீர்களா? இரவில் தீப்பிடித்தால் கதவைத் திறப்பவர் யார்?