மறுப்பும் குறிப்பும்: ஓர் அட்டை விளையாட்டுக் கதையின் மாந்தர் சித்திரிப்பும் வாசகர் எதிர்வினையும்

0. முன்னுரை

தொடர்கதை ஒன்றில் பல ஆண்டுகளாகக் குறிப்பால் உணர்த்தப்பட்டு வந்த ஒரு பொருளை, பின்னர் வரும் ஒரே வாக்கியம் வெளிப்படையாக மறுக்குமாயின் வாசகர் அதனை எவ்வாறு ஏற்பர்? இவ்வினாவிற்கு விடை காணத் தக்கதொரு சான்றாக அமைவது 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் அட்டை விளையாட்டின் கதை. 2019ஆம் ஆண்டில் இவ்விளையாட்டைச் சார்ந்து வெளிவந்த புதினம் ஒன்று, சந்திரா நலார் என்னும் பெண்பாத்திரத்தைச் சித்திரித்த முறை பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. அவ்வெதிர்ப்பு பொதுவாக ரசிகர்தம் உணர்ச்சி வேகமாகவே கருதப்பட்டது. அதனுள் மொழி பற்றிய நுட்பமானதொரு வாதமும் அடங்கியுள்ளது என்பதையும், அது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன் தருவது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. கதைக்களனும் கதைமாந்தரும்

கணிதத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற ரிச்சர்டு கார்ஃபீல்டு வகுத்த இவ்விளையாட்டை, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 1993இல் வெளியிட்டது. வெண்மை, நீலம், கருமை, செம்மை, பசுமை என்னும் ஐந்து நிறங்கள் இதன் அடிப்படை. ஒவ்வொரு நிறமும் ஒரு மனப்பான்மையைச் சுட்டுவது. உலகம் விட்டு உலகம் செல்லும் ஆற்றல் வாய்ந்த பிளேன்ஸ்வாக்கர்கள் 2007இல் தனி அட்டை வகையாக அறிமுகமாயினர். அப்போது வந்த ஐவருள் செந்நிறத்திற்குரியவள் சந்திரா. நெருப்பும் கட்டுக்கடங்காத உணர்ச்சியும் அவளுடைய இயல்புகள். பசுமைக்குரிய நிசா ரெவேன் 2009இல் அறிமுகமானாள்.

இவ்விளையாட்டின் கதை அட்டையின் ஓவியத்திலும் அதன் அடியில் அச்சிடப்படும் ஓரிரு வரிகளிலும் தொடங்கி, சிறுகதைத் தொடர்களிலும் புதினங்களிலும் விரிகிறது. ஓர் ஆசிரியர் படைத்த பாத்திரத்தை அடுத்த ஆண்டு மற்றோர் ஆசிரியர் எழுதுவார். ஆதலின் பாத்திரத்தின் தொடர்ச்சியைக் காப்பவர் எவரேனும் ஒருவர் உண்டெனில், அவர் எல்லாவற்றையும் படித்த வாசகரே ஆவார். வாசகர்தம் எதிர்வினைக்கு இக்களத்தில் மிகுதியான எடை உண்டாவதற்கு இதுவே காரணம்.

சந்திராவும் நிசாவும் 2016 முதல் ஒரே குழுவில் இடம்பெற்றனர். அவ்வாண்டில் வெளிவந்த கலதேஷ் கதைவரிசையில், இந்தியப் பண்பாட்டுக் கூறுகளைத் தழுவி அமைந்த தன் தாயகத்திற்குச் சந்திரா மீள்கிறாள். இறந்தாள் என்று கருதியிருந்த தன் தாய் பியாவைக் காண்கிறாள். அங்கு அவளுடைய கொந்தளிப்பைத் தணிக்க முற்படுபவள் நிசா. அவ்விருவரின் நெருக்கம் காதலாக முகிழ்த்து வருவதாகவே வாசகர் பலர் கொண்டனர். கிரெக் வைஸ்மன் எழுதி 2019 நவம்பரில் வெளிவந்த 'வார் ஆஃப் த ஸ்பார்க்: ஃபர்சேகன்' என்னும் புதினம் இதற்கு மாறாக, பெண்கள்பால் சந்திராவுக்கு என்றுமே நாட்டம் இருந்ததில்லை என்னும் கருத்தை எடுத்துரைப்பாக முன்வைத்தது. அவளை ஈர்த்தவர் பெரும்பாலும் கிடியனைப் போன்ற உடல்வலிமை மிக்க ஆடவரே என்றும் அது தொடர்ந்து கூறியது. எதிர்ப்பு எழுந்தது இவ்விடத்தில்தான்.

2. குறிப்பும் வெளிப்படையும்

புதினத்திற்கு ஆதரவாகப் பேசியவர்கள் ஒரு வாதத்தை முன்வைத்தனர். முந்தைய கதைகள் எதிலும் இருவரும் காதலர் என்று கூறப்படவில்லை. கூறப்படாத ஒன்றை மறுப்பதில் முரண்பாடு இல்லை என்பது அவ்வாதம். 2009இல் லாரா ரெஸ்னிக் எழுதிய 'தி பியூரிஃபையிங் ஃபயர்' புதினத்தில் சந்திராவுக்கும் கிடியனுக்கும் இடையே தோன்றும் நெருக்கத்தையும் அவர்கள் சான்றாகக் காட்டக் கூடும்.

தருக்க நோக்கில் இவ்வாதம் பிழையன்று. மொழி நோக்கில் இது போதாது. சொல்லின் பொருளை வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. குறிப்புப் பொருள் சொல்லப்படாததேனும் இல்லாதது அன்று. கிரைஸ் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய உய்த்துணர் பொருளும் இத்தகையதே. உய்த்துணர் பொருளை முரண்பாடின்றி நீக்கிவிட முடியும் என்பது அவர் கூறும் பண்புகளுள் ஒன்று. 'சிலர் வந்தனர்' என்றதும் எல்லாரும் வரவில்லை என்று கேட்போர் கொள்வர்; 'உண்மையில் எல்லாரும் வந்தனர்' என்று உடன் சேர்த்தால் அப்பொருள் நீங்கும்; முரண் தோன்றாது.

ஆயின், இந்நீக்கம் இயல்பாக அமைவது உரையாடலின் அடுத்த நொடியில். மூன்றாண்டுக் காலம் அப்பொருளை நம்பிப் பல கதைகளைப் படித்து, ஒவ்வொன்றின் பொருளையும் அதன்மேல் கட்டிய பின்னர் நீக்கினால் நிலை வேறு. அப்போது நீக்கப்படுவது ஒரு குறிப்பு மட்டுமன்று. அதன்மேல் எழுந்த வாசிப்பு முழுவதும் ஆகும். குறிப்பை நீக்கும் உரிமை பேசுவோர்க்கு உண்டு. அவ்வுரிமை காலம் செல்லச் செல்லத் தேய்கிறது. வாசகர்தம் சினத்தில் உள்ள முதல் மொழியியல் உண்மை இதுவே.

3. எதிர்மறையின் வீச்சு

அடுத்துக் கருதத்தக்கது மறுப்பின் வடிவம். நிசாவின்பால் சந்திரா கொண்டது காதலன்று என்று மட்டும் புதினம் கூறியிருப்பின், அது இரு பாத்திரங்களிடையே அமைந்த ஓர் உறவைப் பற்றிய செய்தியாக நின்றிருக்கும். புதினத்தின் எதிர்மறையோ ஒரு வகையினர் முழுமைக்கும் விரிகிறது. காலத்தாலும் பாத்திரத்தின் கடந்த வாழ்வு முழுமையையும் தழுவுகிறது. தமிழில் இவ்வேறுபாடு வினைமுற்றிலேயே புலப்படும்:

(1) அன்று அவளுக்கு அந்நாட்டம் இருக்கவில்லை.
(2) அவளுக்கு அந்நாட்டம் இருந்ததில்லை.
(3) அவளுக்கு அந்நாட்டம் இருந்ததே இல்லை.

(1) குறித்ததொரு காலத்தை மறுப்பது. (2) அனுபவத்தை மறுப்பது. பேசப்படும் காலம் வரையிலான வாழ்வு அனைத்தும் அதன் வீச்சினுள் அடங்கும். (3) தேற்ற ஏகாரம் பெற்று, ஐயத்திற்கு இடமின்றி அதனை வற்புறுத்துவது. புதினத்தின் ஆங்கில வாக்கியம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்டது. அதனால் 2016இன் கதைகளும் அவ்வாக்கியத்தின் ஆட்சிக்குள் வந்துவிடுகின்றன.

இதன் விளைவு உறவு ஒன்றன் முறிவு அன்று. காதல் முறிந்தது என்று கூறும் கதை, காதல் இருந்ததை ஏற்றுக்கொள்கிறது. இங்கு முன்னர் இருந்ததாகக் கொள்ளப்பட்டதே இல்லையாகிறது. இருபாலீர்ப்பு உடையோர் தம்மை அப்பாத்திரத்தில் கண்டிருந்தமையால், அம்மறுப்பைத் தம் இருப்பின் மறுப்பாகவே அவர்கள் உணர்ந்தனர். ஆடவர்பால் ஈர்ப்பு உண்டு என்பதைப் பெண்கள்பால் ஈர்ப்பு இல்லை என்பதற்குச் சான்றாக அடுத்தடுத்து வைக்கும் வாக்கிய அமைப்பு, ஒன்று மற்றொன்றை விலக்கும் என்னும் முற்கோளை உள்ளடக்கியது. அம்முற்கோளே இருபாலீர்ப்பை இல்லாததாக்குகிறது. அன்றியும், முன்வாக்கியம் விதிவிலக்கின்றி மறுக்கப் பின்வாக்கியம் 'பெரும்பாலும்' என்று தளர்வது, எதிர்மறையின் எல்லையை ஆசிரியர் எண்ணிப் பார்க்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

4. யாருடைய கூற்று?

மறுப்பு இடம்பெறும் பகுதி சந்திராவின் நோக்குநிலையில் படர்க்கையில் அமைந்தது. ஆகவே அவ்வாக்கியம் கதைசொல்லியின் தீர்ப்பா, பாத்திரத்தின் எண்ணமா என்னும் வினா எழுகிறது. இவ்விரண்டும் கலந்த எடுத்துரைப்பு முறையில் ஆங்கிலம் இதனை வெளிப்படுத்தாமலே விட்டுவிட இயலும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்விடுதலை இல்லை:

(4) அவளுக்கு அந்நாட்டம் இருந்ததில்லை.
(5) தனக்கு அந்நாட்டம் இருந்ததில்லை.
(6) தனக்கு அந்நாட்டம் இருந்ததில்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

(4) கதைசொல்லியின் கூற்றாகவே பெரிதும் கொள்ளப்படும். (5)இல் வரும் 'தன்' என்னும் தற்சுட்டு வடிவம், தலைமை வாக்கியம் இன்றியே, நினைப்பவள் சந்திரா என்பதை உணர்த்தும். (6) தெளிவான அயற்கூற்று. அதில் 'கொள்' என்னும் துணைவினை, தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் தொனியையும் சேர்க்கிறது. (4)ஐப் படிப்பவர்க்கு மறுப்பு ஓர் உண்மை. (6)ஐப் படிப்பவர்க்கு அது ஐயத்திற்குரிய மனநிலை. அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறாள் என்றுகூட அவர் கருதலாம்.

எதிர்வினைகளின் வேறுபாட்டையும் இவ்விடத்தில் விளக்கலாம். புதினத்தை முற்றாகத் தள்ளியவர்கள் (4)இன் வழியிலும், அம்மறுப்பைப் பாத்திரத்தின் அறியாமையாகக் கொண்டு கதையின் தொடர்ச்சியை மீட்க முயன்றவர்கள் (6)இன் வழியிலும் படித்தனர் எனலாம். மூலத்திற்கு நெருங்கியது (5). மூலத்தின் பிழையைத் திருத்தும் ஆவலில் (6)ஐத் தேர்வது மொழிபெயர்ப்பாளரின் உரிமைக்கு அப்பாற்பட்டது. கவனமின்றி (4)ஐத் தேர்வது மூலத்தினும் கடுமையான மறுப்பைப் படைப்பதாகும்.

5. இரு ஒப்பீடுகள்

இதே விளையாட்டில் 2015இல் வெளிவந்த அலேஷா என்னும் பாத்திரம் வேறு வகையில் வரவேற்கப்பட்டது. அலேஷா ஒரு திருநங்கை. அவளுடைய குலத்தில் வீரர்கள் போரில் தம் பெயரைத் தாமே ஈட்டவேண்டும். அவள் தன் பாட்டியின் பெயரைத் தேர்ந்துகொள்கிறாள். ஜேம்ஸ் வையட் எழுதிய சிறுகதை அவளுடைய பால் அடையாளத்தைக் கதையின் வினையாகவே, பெயரிடுதல் என்னும் செயலாகவே காட்டியது. சந்திராவைப் பற்றிய செய்தியோ எவ்வினையோடும் ஒட்டாத ஓர் எடுத்துரைப்பாக வந்தது. நிகழ்த்திக் காட்டப்பட்டதை வாசகர் ஏற்றனர், அறிவிக்கப்பட்டதை எதிர்த்தனர்.

2013இல் வந்த ஆஷியோக் என்னும் பாத்திரத்தின் பால் தெளிவுபடுத்தப்படவில்லை. 2021இல் வந்த நிக்கோ ஆரிஸ் ஆண், பெண் என்னும் இருமைக்குள் அடங்காதவர். ஆங்கிலம் இவர்களைப் பன்மைச் சுட்டுப்பெயரால் குறிக்கும். தமிழில் 'அவர்' இருப்பினும் அது மதிப்பையும் உடன் கொணரும். பகைவர் வாயில் வரும் ஏளனப் பேச்சில் 'அவர் வந்தார்' என்றால் பாலின்மை காக்கப்படும், ஏளனம் அழியும். 'அது' என்றால் பாத்திரம் உயர்திணையினின்று நீங்கும். எழுவாயை விட்டுவிட்டாலும் வினைமுற்றின் ஈறு பாலைக் காட்டிவிடும். வங்காளத்தில் படர்க்கைப் பெயரும் வினையும் பால் காட்டுவதில்லை. மலையாளத்தில் வினை காட்டுவதில்லை. இந்தியில் வினை காட்டும், படர்க்கைப் பெயர் காட்டாது. மறைத்தல் என்பது ஒவ்வொரு மொழியிலும் வெவ்வேறு விலை உடையது.

6. சொல் தேர்வு

இவ்விளையாட்டின் அட்டைகள் தமிழில் வெளிவரவில்லை. வெளிவரின், நிசாவை எச்சொல்லால் குறிப்பது என்பதே முதற் சிக்கலாகும். ஆங்கிலத்தில் நண்பரைக் குறிக்கும் சொல் பால் காட்டாது. 'தோழி' எனில், அகப்பாடல் மரபில் தலைவி ஓர் ஆடவன்மேல் கொண்ட காதலுக்குத் துணைநிற்பவள் என்னும் நினைவு எழும். அவளே காதலுக்குரியவள் ஆகலாம் என்னும் குறிப்பு அடைபடும். 'காதலி' எனில், மூலம் மறைத்ததை மொழிபெயர்ப்பு வெளியிட்டுவிடும். அன்பு, நேசம், காதல் என்று தமிழ் பகுக்கும் பொருள்களை ஆங்கிலம் ஒரே சொல்லால் தழுவுவதனாலேயே மூலத்தின் இருபொருள் நிலை வாழ்ந்தது. 'நேசம்' அவ்விடைவெளியை ஓரளவு காக்க வல்லது.

பால், பாலீர்ப்பு தொடர்பான கலைச்சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. கட்டுரைக்கும் சட்டத்திற்கும் அது இன்றியமையாதது. புனைகதைக்கு அச்சொற்கள் எல்லா இடத்தும் உதவா. பாத்திரம் தன்னை அறிவதற்கு முன்னர் உள்ள நிலையைப் பெயர்ச்சொல்லால் கூற இயலாது. சந்திராவை ஓர் அடையாளச் சொல்லால் அறிவித்தே ஆகவேண்டும் என்று கோரிய ரசிகர்கள், தாம் விரும்பிய அக்குறிப்பு மொழியையே இழக்க முற்பட்டனர் எனலாம்.

7. திருத்தமும் அதன் எல்லையும்

2023 மே மாதத்தில் 'மார்ச் ஆஃப் த மெஷின்: தி ஆஃப்டர்மாத்' தொகுதியோடு வந்த கதையில் சந்திராவும் நிசாவும் தம் காதலை வெளிப்படையாகப் பகிர்ந்துகொள்கின்றனர். 2019இன் வாக்கியம் அங்கு மறுக்கப்படவில்லை. அது இல்லாததுபோல் கதை தொடர்கிறது. 2025இல் வந்த 'ஈதர்டிரிஃப்ட்' தொகுதியில் கலதேஷ் என்னும் பெயர் அவிஷ்கார் என மாற்றப்பட்டது. கலையைக் குறிக்கும் 'கலா' என்பதற்கும் கருமையைக் குறிக்கும் 'காலா' என்பதற்கும் இந்தியில் உள்ள குறில், நெடில் வேறுபாட்டை உரோமன் எழுத்து காட்டாமையால், பழைய பெயர் விரும்பத்தகாத பொருளுக்கும் இடம் தந்தது. இம்மாற்றத்திற்குக் கதையினுள்ளேயே காரணம் கூறப்பட்டது: புரட்சிக்குப் பின் நாடு தனக்குப் புதுப்பெயர் சூட்டிக்கொண்டது.

இவ்விரு திருத்தங்களுள் பின்னதே சிறந்தது. பழைய பெயர் இருந்ததை அது ஒப்புக்கொள்கிறது. அதனைக் கடந்தும் செல்கிறது. சந்திராவின் கதையிலோ மறுப்பும் அச்சில் நிற்கிறது. காதலும் அச்சில் நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு வாசகர் தலைமேல் விடப்பட்டுள்ளது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ரசிகர்தம் எதிர்ப்பு விருப்பம் நிறைவேறாமையால் மட்டும் எழுந்ததன்று என்பதும், குறிப்புப் பொருளின் நிலைபேறு, எதிர்மறையின் வீச்சு, கூற்றுக்குரியோர் யார் என்னும் தெளிவின்மை ஆகிய மூன்றையும் அது சரியாகவே தொட்டது என்பதும் புலனாகும். மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்று. மூலத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி 'இல்லை' என்று வருமிடத்தில், எதை, எக்காலம் வரை, யார் வாயால் அது மறுக்கிறது என்பதை முதலில் அறுதியிடல் வேண்டும். 'இருக்கவில்லை', 'இருந்ததில்லை' என்பவற்றுள் எதனைத் தேர்வது என்பது நடை பற்றிய வினாவாகத் தோன்றினும், அதனைப் படிக்கும் ஒருவர்க்குத் தாம் அக்கதையில் இருந்தோமா இல்லையா என்பதற்கான விடையாகவும் அது அமைந்துவிடுகிறது.