அளவாக ஊதும் கலை

பழைய டீசல் காருக்கு வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ மாற்றியிருக்கிறார்கள் என்றால், கேட்பவர் வாயில் வரும் முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் கூடியது என்பதுதான். வேலையின் தரத்தை அந்த எண் சொல்லாது. டீசலை அதிகம் விட்டு, காற்றையும் அதிகம் திணித்து, திறனை அளக்கும் டைனோ கருவியில் ஒரு நொடி பெரிய எண்ணைக் காட்டிவிட யாராலும் முடியும்; பின்னால் கரும்புகை கக்கிக்கொண்டு போகும் வண்டிகளே அதற்குச் சாட்சி. மூன்றாம் கியரில், 1,500 ஆர்பிஎம்மில், மேட்டின் அடியில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால் வண்டி எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். திணறாமல், திடீரென்று பாயாமல், புகையாமல், ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனால் அது தேர்ந்த கை செய்த வேலை. டர்போவைப் பொருத்துவது இதில் பாதிதான்; அதை அடக்கி ஆளும் ஏற்பாட்டில்தான் கலை இருக்கிறது என்பது என் கட்சி.

எக்ஸாஸ்ட் வாயுவால் டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸரால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த டீசல் காரில் அது ஏறியது 1978-இல், மெர்சிடிஸ் 300 எஸ்டியில். அந்தக் காலத்து டர்போவில் வாயு நுழையும் வழி மாறாத அளவு கொண்டது. வழி சிறியதாக இருந்தால் குறைந்த வேகத்தில் சீக்கிரம் விழித்துக்கொள்ளும், வேகம் கூடும்போது இன்ஜினின் மூச்சையே அடைக்கும். பெரியதாக இருந்தால் மேலே நன்றாக ஊதும், கீழே தூங்கும். வேரியபிள் டர்போவில் டர்பைனைச் சுற்றி ஒரு வளையமாகச் சிறு தகடுகள் நிற்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் சாய்கின்றன. வாய்க்கால் மதகைப்போலத்தான் இதன் நடப்பு. நீர் குறைவாக வரும்போது பலகையை இறக்கினால், சிறு இடுக்கு வழியே நீர் சீறிக்கொண்டு பாயும். வெள்ளம் வரும்போது பலகையைத் தூக்கியாக வேண்டும். தூக்க மறந்தால் கரை உடையும். டீசல் கார்களில் இந்த ஏற்பாடு முதலில் வேரூன்றியதற்குக் காரணம் வெப்பம். டீசலின் எக்ஸாஸ்ட் பெட்ரோலைவிடக் குளிர்ந்தது. ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸைத் தொடும் பெட்ரோல் எக்ஸாஸ்டைத் தாங்கும் தகடுகளோடு போர்ஷே 911 டர்போ வந்தது 2006-இல்தான்.

ஒரே இன்ஜினை இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டுமானால் ஃபோக்ஸ்வாகனின் 1,896 சிசி டிடிஐ டீசல் இன்ஜினைவிட நல்ல சான்று கிடைக்காது. 1990களில் ஆடி 80, கோல்ஃப் 3, பஸாட் கார்களில் வந்த '1இசட்' என்ற வகை, மாறா டர்போவோடு 90 குதிரைத்திறனும் 202 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்த 'ஏஎஃப்என்' வகையில் காரெட் விஎன்டி15 என்ற வேரியபிள் டர்போ ஏறியது. சிலிண்டரின் அளவு மாறவில்லை. குதிரைத்திறன் 110 ஆனது, டார்க் 235 ஆனது. இரண்டிலும் டார்க்கின் உச்சம் 1,900 ஆர்பிஎம்தான். ஆனால் தொழிற்சாலை டர்போவோடு நிற்கவில்லை. இன்ஜெக்டர் நாசிலின் துளைகளைப் பெரிதாக்கியது, கட்டுப்பாட்டுக் கணினியின் கணக்கையும் மாற்றியது. காற்று மட்டும் கூடினால் எரிவதற்கு ஒன்றும் இல்லை. டீசல் மட்டும் கூடினால் புகைதான். ஐரோப்பாவில் 90 குதிரை காரில் 110 குதிரை காரின் டர்போவை ஏற்றும் ஆர்வலர்களில் விவரம் தெரிந்தவர்கள், நாசிலையும் கணினிக் கணக்கையும் சேர்த்தே மாற்றுவது இதனால்தான்.

கைவேலை எங்கே இருக்கிறது என்று நெருங்கிப் பார்க்கலாம். விஎன்டி15-இன் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. வேக்குவம் இழுத்தால் கம்பி ஏறும், தகடுகள் மூடும், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் கூடும். வேக்குவம் போனால் ஸ்பிரிங் தகடுகளைத் திறந்துவிடும். குழாய் கிழிந்தால் வண்டி சோர்ந்து போகுமே தவிர உடையாது. பழைய டர்போவில் மிகுதி வாயுவை டர்பைனைச் சுற்றி வெளியேவிடும் வேஸ்ட்கேட்டோ காற்றழுத்தத்தால் இயங்குவது. ஆகவே பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வையும் மாற்ற வேண்டும். கணினியே இல்லாத, முழுக்க மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்களில் சிலர் இதைத் தலைகீழாக்குவார்கள்: ஸ்பிரிங் தகடுகளை மூடியே வைத்திருக்கும், ஏறும் பூஸ்ட் அழுத்தமே அவற்றைத் திறக்கும். எளிமையான வழி, ஆனால் ஸ்பிரிங்கின் பலம் சற்றுப் பிசகினாலும் குணம் கெட்டுவிடும். தகடுகள் எவ்வளவு மூடலாம் என்று தடுத்து நிறுத்தும் ஒரு சிறு திருகு உண்டு. தொழிற்சாலையில் வாயு ஓட்டத்தை அளந்து வைப்பார்கள். அதை அவசரத்தில் திருகித் தகடுகளை மேலும் மூடினால், குறைந்த வேகத்தில் கம்ப்ரஸர் தள்ளும் காற்றை இன்ஜின் விழுங்க முடியாமல், கம்ப்ரஸர் படபடவென்று குரைக்கும். தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு அது கேடு. மறுமுனையில், வேகம் ஏறியும் தகடு திறக்காவிட்டால் எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம் பூஸ்டை மிஞ்சிக்கொண்டே போகும். பூஸ்ட் மீட்டரில் எண் அழகாக இருக்கும், இன்ஜினோ வெளியே தள்ள முடியாத புகையோடு மல்லுக்கட்டும். டர்பைனுக்கு முன்னால் பதித்த வெப்பமானி ஒன்றுதான் அப்போது உண்மை பேசும்.

பழைய காரில் வேரியபிள் டர்போ ஏற்றுவதற்கு மறுப்புகள் உண்டு. அவை அற்பமானவையும் அல்ல. கரி படிந்து தகடுகள் இறுகிவிடும் என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஊருக்குள்ளேயே மெல்ல ஓடும் வண்டியில் தகடுகள் ஒரே நிலையில் நிற்கும், கரி ஒட்டும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் ஒன்று போதும். கம்பி தடங்கலில்லாமல் ஏறி, விட்டதும் சீராக இறங்க வேண்டும். பழைய இன்ஜினின் எலும்பு இதைத் தாங்குமா என்பது இரண்டாவது, வலுவான மறுப்பு. 1,500 ஆர்பிஎம்மில் பெரிய டார்க் வந்தால் கிளட்ச் வழுக்கும், கனெக்டிங் ராடு வளையவும் கூடும். இந்த மறுப்பு என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது: தகடுகளை எவ்வளவு சீக்கிரம் மூட முடியும் என்பதல்ல, எவ்வளவு மூடாமல் விட வேண்டும் என்பதே கேள்வி. பழைய காரின் இயல்பைக் கெடுக்கலாமா என்று மூன்றாவதாகக் கேட்பார்கள். லாரி டர்போவைக் கொண்டுவந்து காரில் தொங்கவிட்டால் அந்தக் கேள்வி நியாயம். அதே இன்ஜினுக்கு அதை உருவாக்கியவர்களே பின்னால் கொடுத்த உறுப்பை ஏற்றும்போது இயல்பு கெடுவதில்லை, வளர்கிறது.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. ஜெர்மனியில் இப்படிப்பட்ட மாற்றத்தை நிபுணர் ஆய்வு செய்து, வண்டியின் ஆவணத்தில் பதிய வேண்டும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு இது ரசித்துப் பார்க்க வேண்டிய கலை மட்டுமே. அனுமதி உள்ள நாட்டில் இருந்து, கையில் பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: முதலில் வெப்பமானியும் பூஸ்ட் மீட்டரும் வாங்குங்கள், அடுத்து கிளட்சைப் பாருங்கள், டர்போவைக் கடைசியில் வாங்குங்கள்.