படிவத்தில் இல்லாத புண்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருது கிடைத்ததிலிருந்து, நோய்க் கண்காணிப்பையும் முழுதாக ஆரம்ப சுகாதார நிலையக் குழுக்களிடமே விட்டுவிடலாம் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. நாலு வீட்டில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் கிராம சுகாதார செவிலியருக்குத்தான் முதலில் தெரியும். மறுப்பதற்கில்லை.

ஆனால் எண்ணும் வேலையைத்தான் கீழே இறக்கியிருக்கிறோம். எதை எண்ணுவது என்று முடிவுசெய்யும் அதிகாரம் மேலேயே இருக்கிறது.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் வந்தது. செவிலியர் நிரப்புவது எஸ் படிவம்: காய்ச்சல், இருமல், பேதி, மஞ்சள் காமாலை, குழந்தைகளின் கைகால் தளர்ச்சி. தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் அதே படிவம்தான், தோல்ஷாப்பே இல்லாத ஊருக்கும் அதேதான். சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் ஊறிய தோலை வெறுங்கையால் இழுத்துப் போடுகிறவரின் கையைப் பாருங்கள். விரலிடுக்கு வெடித்திருக்கும், நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருக்கும், சோறு பிசைந்தால் எரியும். அந்தக் கைக்குப் படிவத்தில் இடமில்லை. வழக்கத்துக்கு மாறான அறிகுறிகளுக்கு ஒரு கட்டம் உண்டே என்பார்கள். அதில் ஏற, ஆள் சாக வேண்டும் அல்லது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். தவிர, இந்த ஊரில் இது வழக்கத்துக்கு மாறானதே அல்ல. படிவத்தை வகுத்தவர்கள் ஒரு தோல்ஷாப் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சட்டத்துக்கு இப்படிப்பட்ட நோய்கள் தெரிந்திருந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு, ஆந்த்ராக்ஸ், குரோமியப் புண் போன்ற தொழில்நோய்களைக் கண்டால் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் ஆய்வாளர் ஒரு துறை, செவிலியர் வேறொரு துறை. ஷூ கம்பெனியில் நாளெல்லாம் பசை நெடியில் உட்கார்ந்திருக்கும் பெண், பகலில் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரின் கண்ணில் படுவதே அரிது. தலைவலி முற்றினால் அவள் போவதும் பெரும்பாலும் தெருமுனைத் தனியார் கிளினிக்குக்குத்தான்.

வேலூரில் இதைவிட நல்ல வழியைக் கண்டிருக்கிறோம். சி.எம்.சி. மருத்துவமனையின் டி. ஜேக்கப் ஜானும் சக மருத்துவர்களும் அன்றைய வடஆற்காட்டில் நடத்திய கண்காணிப்பு, மாவட்டத்துக்குள்ளேயே பிறந்தது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இரு தரப்பும் அச்சிட்ட அஞ்சலட்டையில் நோயைத் தெரிவித்தார்கள். தொகுத்த செய்தி அவர்களுக்கே திரும்பிப் போனது. 1998இல் லான்செட் இதழில் அதை வளரும் நாடுகளுக்கு முன்மாதிரியாக எழுதினார்கள். பிறந்த மண்ணில் அதை மறந்துவிட்டோம்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிக் குழுக்கள் தங்கள் படிவத்தில் தாங்களே வரி சேர்க்கட்டும்: என்ன வேலை, எந்தப் பிரிவு, தோல் வெடிப்பா, மூச்சிரைப்பா. தனியார் கிளினிக்குகளும் அதை நிரப்பட்டும். அந்தக் கணக்கு சுகாதார அதிகாரிக்குப் போகும் அதே வாரத்தில் தொழிற்சாலை ஆய்வாளரின் மேசைக்கும் போக வேண்டும்.