பகிர்ந்துண்ணும் படத்தொடர்கள்: ஆதிரை காட்டிய வழியில் ஒரு நோக்கு

உண்பது உயிர்களுக்கெல்லாம் பொது. பகிர்ந்து உண்பது பண்பட்ட மாந்தர்க்கே உரியது. இவ்வுண்மையை நன்குணர்ந்தமையால்தான் வள்ளுவர் விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார்; முகம் வேறுபட நோக்கினாலே வாடும் விருந்தினர் உள்ளத்திற்கு அனிச்சமலரை ஒப்பாக வைத்தார். ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் ‘புதுமை’ என்பதே முதற்பொருள் என்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். புதியவரை அடுக்களை வரை அழைக்கும் மனமே விருந்தின் வேர். அந்த வேர் இன்றைய சிறுவர் கலைகளில் எங்கெங்கு ஊன்றியுள்ளது, எங்கே ஊன்றத் தவறியது என ஆராய்வது தமிழாசிரியர்களுக்குப் பயன் தரும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சிறுவர்கள் மழலைப் பருவத்திலேயே காணும் படத்தொடர்களுள் ஒன்று ‘உப்பின் இப்பின்’. ஷா ஆலாமில் இயங்கும் லெஸ் கோப்பாக் நிறுவனம் உருவாக்கிய இத்தொடர், 2007ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் சிறுவர்க்கு நோன்பின் பொருளை உணர்த்தும் நோக்கில் ஆறே பகுதிகளாகத் தொடங்கிற்று. பின்னர் ஆண்டுதோறும் வளர்ந்து, 2009இலும் 2019இலும் திரைப்படங்களாகவும் விரிந்தது. டுரியான் ருந்து என்னும் கற்பனைக் கம்பத்தில் வாழும் இரட்டைச் சிறுவரின் அன்றாட வாழ்வே இதன் பொருள். பெரும் போரோ மாயாசாலமோ இதற்கு அடித்தளமன்று. பொரித்த கோழிக்கு ஏங்கும் இரு பிள்ளைகள், அதட்டும் அக்காள், அணைக்கும் பாட்டி, ஒன்றாக அமரும் பாய் ஆகியவையே இத்தொடரின் உலகம்.

ஆயினும் இவ்வுலகின் இனிமைக்கு அடியில் ஒரு துயரம் உறைந்துள்ளது. உப்பினும் இப்பினும் தாய்தந்தையரை இழந்தவர்கள். பாட்டியும் அக்காள் ரோசும் சமைத்து வைக்கும் உணவு, இல்லாத இருவரின் இடத்தை நிரப்பும் உணவாகும். தொடர் இதனை ஓயாது அழுது கூறுவதில்லை. சோற்றைப் பரிமாறும் கையின் வழியே உணர்த்திவிடுகிறது. இத்தொடர் தரும் ஆறுதல் துயரமறியாப் பேதைமையினின்று வருவதன்று என்பதை இங்கே கருதுதல் வேண்டும்.

இதே உண்மையை ஜப்பானியப் படத்தொடர் ஒன்றும் காட்டுகிறது. கிடோ அமாகாகுரே 2013 முதல் 2019 வரை எழுதிய படக்கதையைத் தழுவி, 2016இல் பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த ‘அமாமா தொ இனாசுமா’ என்பது அது. ‘இனிமையும் மின்னலும்’ எனத் தமிழில் கூறலாம். இதன் தலைவன் கணிதம் கற்பிக்கும் பள்ளி ஆசிரியன், மனைவியை இழந்தவன், சிறுமகள் ஒருத்திக்குத் தந்தை. கடையுணவால் வயிறு நிறைந்தும் மகளின் முகம் மலரவில்லை. ஆசிரியனின் மாணவி ஒருத்தி, பெற்றோர் பிரிந்தமையாலும் தாய் பணியில் மூழ்கியமையாலும் தனித்து உண்பவள். இவர்கள் மூவரும் அம்மாணவியின் தாய் நடத்தும் உணவகத்தில் கூடிச் சமைத்து உண்பதே கதை. முதல் நாள் மட்பாண்டத்தில் வெறுஞ்சோறு வடிவெடுக்கிறது. அதுவே அவர்களுக்குப் பெருவிருந்தாகிறது.

தமிழ் பயில்வோர்க்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வருவாள். அவளும் தந்தை கோவலனை இழந்தவளே. அள்ள அள்ளக் குறையா அமுதசுரபி அவள் கையில் கிடைத்தது. ஆயினும் அப்பாத்திரம் உடனே பசிப்பிணி தீர்த்துவிடவில்லை. கற்பிற் சிறந்த ஆதிரையின் இல்லத்தில் முதற்பிச்சை ஏற்ற பின்னரே அது பலர் பசி போக்கத் தலைப்பட்டது. தெய்வத்தன்மை வாய்ந்த பாத்திரத்திற்கும் ஒரு வீட்டு அடுக்களையின் முதற்பிடி தேவைப்பட்டது என்னும் சாத்தனாரின் கருத்து, ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இழப்பை அறிந்த கையே பிறர் பசியையும் அறிகிறது. ஆனால் அக்கைக்கு இல்லமொன்றின் அன்பு முதலில் வந்து சேர வேண்டும். இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டால் இரு தொடர்களின் நிறையும் குறையும் புலனாகும்.

ஜப்பானியத் தொடரின் சிறப்பு, உழைப்பை மறையாமல் காட்டுவது. அரிசி களைவதும், அடுப்பருகே காத்திருப்பதும் கதையின் நிகழ்ச்சிகளாகின்றன. மாணவி கத்தியைக் கண்டு அஞ்சுபவள். ஆசிரியனோ சமையல் அறியாதவன். ஒருவர் குறையை மற்றவர் நிறைக்கிறார். கற்பிப்பவனே மாணவியிடம் கற்கிறான். ஆசிரியர்களுக்கு இது சுவையான பாடம். மேலும் அடுக்களை பெண்ணுக்கே உரியது என்னும் எண்ணத்தை இத்தொடர் வாதிடாமலேயே தளர்த்திவிடுகிறது. உப்பின் இப்பினில் உணவு பெரும்பாலும் சமைத்து முடிந்த நிலையிலேயே வருகிறது. அதற்குப் பின்னுள்ள பாட்டி, அக்காள் ஆகியோரின் உழைப்பு இயல்பெனக் கொள்ளப்படுகிறது.

எனினும் ஜப்பானியத் தொடருக்கு இல்லாத பெருமை ஒன்று மலேசியத் தொடருக்கு உண்டு. அங்கே உண்பவர் அனைவரும் ஒரே மொழியினர். இங்கேயோ மெய் மெய், ஜார்ஜிட், ராஜு, தேவி எனப் பல இனப் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் கூடுகின்றனர். விருந்து என்னும் சொல்லின் பழம்பொருளான புதுமை இங்கேதான் உயிர் பெறுகிறது.

இவ்விடத்திலேயே ஒரு வினாவும் எழுகிறது. அக்கம்பத்தில் தமிழர் அடையாளமாக முதலில் மனத்தில் நிற்பவர் முத்து. அவர் உணவுக்கடைக்காரர். அவர் கையால் பிள்ளைகள் உண்கின்றனர். ஆனால் அது விலைக்கு வரும் உணவு. பாட்டியின் பாய் வீட்டினுள் விரிந்திருக்க, முத்துவின் மேசை தெருவோரத்தில் நிற்கிறது. இதில் இழிவு ஏதுமில்லை. வாழ்க்கைக்கு முரணும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பலகாரக் கடைகளும் தமிழர் சமையலைப் பிற இனத்தாரிடம் கொண்டு சென்ற வாயில்களே. ஆனால் வாயிலை மட்டும் கண்டவர் வீட்டைக் கண்டவராகார். கடைச்சோறு பசி தீர்க்கும். உறவு கூற அடுக்களைச் சோறு வேண்டும். தமிழ்ப் பிள்ளை ஒன்று பாட்டியின் பாயைத் தன் வீட்டினும் நெருக்கமாக உணர்ந்து வளருமாயின், குறை அத்தொடரை ஆக்கியோருடையது மட்டுமன்று. தன் அடுக்களையைக் கலையாக்கத் தயங்கிய சமூகத்திற்கும் அதில் பங்குண்டு.

தோட்டப்புற வாழ்வை வரைந்த மலேசியத் தமிழ்ப் புனைகதை, பசியையும் வறுமையையும் நேர்மையுடன் பதிவு செய்தது. அது அன்றைய கடமை. ஆறுதல் தரும் கதைகள் வறுமையை மறைக்கும் திரை என ஐயுறுவோரும் உளர். அவ்வையத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இரத்தலின் துன்பத்தைப் பாடிய வள்ளுவரே விருந்தின் இன்பத்தையும் பாடினார். பசியைப் பாடிய சாத்தனாரே ஆதிரையையும் படைத்தார். ஒன்று மற்றொன்றை மறைப்பதில்லை. பசியை அறிந்தவனுக்கே பகிர்வின் அருமை விளங்கும்.

தீபாவளியன்று அண்டை வீட்டாருக்கு முறுக்கும் அதிரசமும் தூக்கிச் செல்லும் பிள்ளைகள் இந்நாட்டில் இன்றும் உள்ளனர். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்னும் வழக்கத்தால், நோன்புப் பெருநாளில் அது கெத்துபாட்டுடன் திரும்பி வருகிறது. அந்தப் பாத்திரத்தின் பயணம் ஒன்றே ஒரு படத்தொடருக்குப் போதிய பொருளாகும். அதனை எழுதும் கை தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் இன்று கட்டுரை எழுதிக்கொண்டிருத்தல் கூடும். ‘என் வீட்டு அடுக்களை’ என்னும் தலைப்பை ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதுவாராயின், ஆதிரை இட்ட முதற்பிடி அங்கே விழுந்துவிடும்.