எடை குறைந்த பிள்ளையும் பழி ஏற்கும் தாயும்

இலங்கையில் ஸ்பிரிங்வெளி போன்ற ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் ஏன் எடை குறைந்து பிறக்கின்றன என்று கேட்டால் இரண்டு பதில்கள் முந்திக்கொண்டு வரும். ஒன்று, தாய்மாரின் பழக்கவழக்கம். மற்றது மன உளைச்சல். 2006–07 குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் நூற்றுக்குச் சுமார் 17 குழந்தைகள் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தன. தோட்டங்களில் அது 31. இவ்வளவு பெரிய இடைவெளியை அந்தப் பதில்கள் தாங்குமா?

பழக்கத்தை முதலில் பார்ப்போம். பப்பாளி, அன்னாசியை விலக்குவதால் பிள்ளையின் எடை குறைந்துவிடாது. பிள்ளை பெருத்தால் பேறு கஷ்டம் என்று சோற்றைக் குறைப்பது கெடுதிதான். அதைத் தமிழில் பேசத் தெரிந்த மருத்துவமாது ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னால் மாற்றலாம். ஒரு காலத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிள்ளை பெற்றவர்களின் பேத்திமார் இன்று கிட்டத்தட்ட எல்லோருமே ஆஸ்பத்திரியில் பெறுகிறார்கள். பேற்றையே இடம் மாற்றிக்கொண்டவர்களைப் பழமையில் ஊறியவர்கள் என்பது அநியாயம். பழைய வழக்கம் எப்போதும் கெடுதியுமல்ல. அமெரிக்காவில் வாழும், மெக்சிகோவில் பிறந்த ஏழைத் தாய்மாருக்கு நல்ல எடையுடன் பிள்ளைகள் பிறப்பதையும், அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களது மகள்மாரிடம் அந்த நன்மை குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்வீடும் அக்கம்பக்கமும் கூடித் தாங்கும் வழக்கம் கர்ப்பிணிக்குக் காவலாகவும் இருக்கக்கூடும்.

உளைச்சலை அப்படித் தள்ளிவிட முடியாது. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிந்திய ஆறு மாதங்களில், கலிபோர்னியாவில் அரபுப் பெயருள்ள தாய்மாருக்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் அபாயம் முந்திய ஆண்டைவிட 34 வீதம் கூடியது. மற்றத் தாய்மாரிடம் அந்த ஏற்றம் இல்லை. பயம் கருப்பைவரை போகும் என்பதற்கு இது வலுவான சான்று. 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு, ஸ்பிரிங்வெளியும் இருக்கும் இதே பதுளை மாவட்டத்தில் மழை இரவுகளில் எந்தக் கர்ப்பிணி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்?

ஆனாலும் 17க்கும் 31க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பயம் மட்டும் நிரப்பாது. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாட்டுச் சராசரி 17. அப்படிக் குறுகி வளரும் சிறுமிதான் நாளை இரத்தச்சோகையோடு தாயாகிறாள். வயிற்றில் பிள்ளையோடு மலையேறிக் கொழுந்தெடுக்கிறாள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதில் பாதி போனால் அன்றிரவு உலையில் என்ன வைப்பது? அவளுடைய உளைச்சலில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. சம்பளத்தையும் வேலையையும் தொடாமல் மன ஆறுதல் வகுப்பு மட்டும் நடத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

என் முடிவு இது: பழக்கத்தின் மேல் சுமத்தும் பழி பெரும்பாலும் தவறு, உளைச்சல் உண்மையான காரணம், ஆனால் துணைக் காரணம், முதற்காரணம் தலைமுறை தலைமுறையாக வந்த பட்டினியும் குறையாத வேலையும்தான். கிளினிக்கில் பதிந்த நாளிலிருந்து இலேசான வேலைக்கும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கான சத்துமாவான திரிபோஷா தட்டுப்பாடில்லாமல் லயம்வரை வர வேண்டும். கருவிலிருக்கும் பிள்ளை எடை கூடுவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். சட்டம் தரும் 84 நாள் பேறுகால விடுப்பில் பேற்றுக்கு முன் கிடைப்பது 14 நாள்.