பவர் கைட்: முதலில் விடக் கற்போம்

பவர் கைட் பழக விரும்புபவர்களுக்கான கையேடுகள் நாலைந்தை வாசித்தேன். பல கையேடுகளில் ஜார்ஜ் போகாக் வருகிறார். பிரிஸ்டல் பள்ளி ஆசிரியர். குதிரைக்குப் பதிலாகப் பட்டம் கட்டி வண்டி ஓட்டியவர். 1827-இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டவர். தன் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டத்தால் மேலே தூக்கிக் காட்டியிருக்கிறார். அந்த மார்த்தாதான் பின்னாளில் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் அம்மா!

பட்டம் ஆளையே தூக்கும் என்பதுதான் இந்தக் கதையின் சாரம். கையேடுகளோ இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, "முதல் கைட் 2 அல்லது 3 சதுர மீட்டர் போதும், பயமில்லை" என்று தாண்டிப் போகின்றன.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பரப்பைப் பாதியாக்கினால் இழுவை பாதியாகும், அவ்வளவுதான். காற்றின் வேகம் இரட்டித்தாலோ இழுவை நான்கு மடங்கு. மணிக்கு 15 கி.மீ. காற்றில் சாதுவாக இருக்கும் கைட், 30 கி.மீ. வேகத்தில் திடீர் வீச்சு வந்தால் அப்படி இருக்காது. கைட்டின் அளவு நம்ம கையில், காற்று நம்ம கையில் இல்லையே!

நாலு கயிறு கைட்டில் பிரேக் கயிறுகளை மணிக்கட்டோடு இணைக்கும் பட்டை உண்டு. கைப்பிடியை விட்டால் பிரேக் இறுகி, கைட் இழுவை இழந்து கீழே இறங்கும். இதை உபரிப் பொருள்கள் பட்டியலில் கடைசியாகப் போடுகிறார்கள். முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம் இது.

முதல் நாள், மென்காற்றில், வேணும்னே பத்து தடவை விட்டுப் பாருங்க. பயந்த கை இறுக்கித்தான் பிடிக்கும். விடுவது பழகினால்தான் வரும்.