விளையாட்டின் விதிகள் யார் பக்கம்?

கணினி விளையாட்டுக்களும் விமரிசனத்துக்கு உரியனவோ என வினவுவோர் நம்மிடையே பலர் உளர். நாவலை வெறும் பொழுதுபோக்கென்றும் சினிமாவைச் சீரழிவென்றும் ஒரு காலத்திற் பலர் ஒதுக்கியதை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். மாணவர் கைகளில் நாள்தோறும் இருப்பதொன்றை ஆசிரியர் ஆராயாது விடின், அதைப் பற்றிப் பேசும் உரிமை அதனை விற்பவனுக்கே எஞ்சும்.

என் வகுப்பு மாணவரை விசாரித்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில் ஒரே வகை விளையாட்டையே ஆடுவதை அறிந்தேன். பலர் ஒரு தீவில் இறங்குவர்; ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர்; இறுதியில் எஞ்சுபவனே வென்றவன். பெற்றோர் துப்பாக்கியைக் கண்டு அஞ்சுகின்றனர். நானோ விதியைக் கண்டு அஞ்சுகிறேன். பிறர் அழிந்தாலன்றி நீ வாழ முடியாது என்பதே அவ்வுலகின் நியதி. அந்த ஒன்றை மட்டுமே ஆடுபவனுக்கு, அந்நியதி மனிதர் வகுத்தது என்பது புலப்படுவதேயில்லை.

நாவலாசிரியன் பாத்திரங்கள் வாயிலாகப் பேசுகிறான். விளையாட்டை ஆக்குபவன் விதிகள் வாயிலாகப் பேசுகிறான். எச்செயலுக்குப் பரிசு, எதற்குத் தண்டனை, எதற்கு இடமேயில்லை என்னும் தீர்மானங்களில் அவனது உலக நோக்கு அடங்கியுள்ளது. உருவம், உள்ளடக்கம் எனப் பிரித்து வாதிடும் நம் வழக்கம் இங்கு பயன்படாது.

லூக்கஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆடுபவர் கற்பனை நாடொன்றின் எல்லைச்சாவடி உத்தியோகத்தர். பரிசோதிக்கும் ஆட்களின் தொகைக்கேற்பவே ஊதியம். மாலையில் அதைக் கொண்டு குடும்பத்தின் உணவுக்கும் குளிர்காயும் வெப்பத்துக்கும் மருந்துக்கும் வழி காண வேண்டும். கணவனின் பத்திரங்கள் சரியாக உள்ளன. பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. திருப்பி அனுப்பினால் தான் கொல்லப்படுவேன் என்று மன்றாடுகிறாள். நாளொன்றுக்கு முதலிரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே. மூன்றாவதிலிருந்து ஊதியம் வெட்டப்படும். இரக்கத்துக்கும் அங்கே கூப்பன் முறைதான்! நல்லவனொருவன் கொடிய இயந்திரத்தின் பல்லாக மாறுவதை இவ்விதி உரையாடலின்றியே உணர்த்துகிறது. எனினும், கொடுமையைக் கிழக்கைரோப்பிய நாட்டின் சாயலில் மட்டும் அமைத்தது இதன் குறை. செல்வந்த நாடுகளின் விமான நிலையங்களிலும் அதே மேசை உண்டென்பதை நம்மவர் நன்கறிவர்.

உருகுவே நாட்டவரான கொன்சாலோ பிராஸ்கா 2003இல் ஆக்கிய ‘செப்டெம்பர் 12’ இன்னும் எளியது. மத்திய கிழக்கு ஊரொன்றில் பொதுமக்களிடையே பயங்கரவாதிகள் சிலர் நடமாடுகின்றனர். நம்மிடம் ஏவுகணை மட்டுமே உண்டு. ஏவினால் அயலாரும் மடிவர். பிணத்தருகே அழுபவர்கள் தாமே பயங்கரவாதிகளாக மாறுவர். இங்கு வெற்றியில்லை. நூறு பக்கக் கட்டுரை கூறுவதைச் சில நிமிடங்களில் விரல்நுனி கற்றுக்கொள்கிறது.

வார்சோ நகர நிறுவனமொன்று 2014இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ சரயேவோ முற்றுகையை நினைவிற்கொண்டு ஆக்கப்பட்டது. இதில் நாம் போர்வீரரல்லர், பசித்திருக்கும் குடிமக்கள். முதிய தம்பதியரின் உணவையும் மருந்தையும் களவாடலாம். ஆனால் களவாடியவர் பின்னர் மனமுடைந்து போவார். இதனைப் பாடசாலைகளுக்குப் பரிந்துரைக்கும் நூற்பட்டியலிற் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்தது. 2009 வரை போர் நிகழ்ந்த நாட்டின் பிள்ளைகள் போரைச் சுடுபவனின் கண்ணால் மட்டும் ஆடிப் பழகுவது எத்துணை அவலம்!

இவையும் சந்தைப் பண்டங்களே. விலையும் ஆங்கிலமும் நம் மாணவர் பலரைத் தடுக்கும் என்பதும் உண்மை. ஆயினும், பலவற்றை ஆடியவனே ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிடுவான். ஒப்பிடுபவனே விதியை வினவுவான்.

வினவியதோடு நில்லாது விதியை ஆக்கவும் அவனைப் பழக்கலாம். அதற்குக் கணினி வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒருநாளை விளையாட்டாக அமைக்குமாறு கூறுங்கள். குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர் என்ற விதியை எழுதும்போது, அதை முதலில் எழுதியவர் யார், மாற்ற வல்லவர் யார் என மாணவன் நிச்சயம் கேட்பான். அக்கேள்வியிலிருந்தே நம் பாடம் தொடங்க வேண்டும்.